பிரிக்கக் கூடாத புத்தகம்

அறுப்பின் பண்டிகை ஏலம் நடக்கும் அன்று நான் எங்கே உட்கார்ந்திருப்பேன் என்று எங்கள் சபையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பந்தலின் கடைசி வரிசை, ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கம். அங்கே இருந்து கத்தினால்தான் கத்தியது யாரென்று போதகருக்குத் தெரியாது. தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெளியூர்க்காரர்களுக்காக அந்த ஏலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு ஒரு பொருள் காணிக்கையாக வரும். பூசணிக்காய், வாழைத்தார், அரிசிப் பை, கோழி, முறுக்கு டப்பா. ஆராதனை முடிந்ததும் பந்தலில் வைத்து ஏலம் விடுவார்கள். பணம் கோயிலுக்கு. கடையில் நாற்பது ரூபாய்க்குக் கிடைக்கிற பூசணிக்காயை நானூறுக்குக் கேட்டு வாங்குவதுதான் அதில் இருக்கிற சந்தோஷம். வாங்கியவர் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். மனசிருந்தால் பணத்தைக் கட்டிவிட்டு அதே பொருளைத் திருப்பிக் கொடுத்து, இன்னொரு தடவை ஏலம் விடச் சொல்லலாம்.

அந்த 'மனசிருந்தால்' எனக்குப் பிடிக்கவில்லை. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு நூல் மில் முதலாளி சேவலை ஏலம் எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார். நான் சும்மா இருந்திருக்கலாம். "திருப்பிக் குடு! திருப்பிக் குடு!" என்று கத்தினேன். முன் வரிசைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். பிறகு பெண்கள் பக்கம். முதலாளியின் முகமும் சேவலின் கொண்டையும் ஒரே நிறத்துக்கு வந்ததும், திருப்பிக் கொடுத்தார். அன்று அந்தச் சேவல் ஐந்து முறை விலைபோனது. அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. யார் எதை எடுத்தாலும் பந்தல் மொத்தமும் கத்தும். எடுத்தவர் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். கோயில் சுற்றுச்சுவரில் பாதி என் தொண்டையால் எழும்பியது என்று போதகரே ஒருமுறை சொன்னார். ஆளைக் கண்டுபிடித்திருக்கிறார்.

அந்தச் சுவரில் நானே போய் முட்டிக்கொண்ட கதைதான் இது.

நான் பிழைப்பது குற்றம் கண்டுபிடித்து. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கிற வேலை. அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசைமேல் வெள்ளைத் துணி ஓடிக்கொண்டே இருக்கும். இழை விட்ட இடம், எண்ணெய்ப் பொட்டு, ஒரு தலைமுடி, எது கண்ணில் பட்டாலும் கையைத் தூக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாகத் தூக்குகிறேன். கல்யாண வீட்டுக்குப் போனாலும் மாப்பிள்ளையின் முகத்துக்கு முன்னால் அவர் சட்டைக் காலரின் தையல் பிசகுதான் எனக்குத் தெரியும்.

இந்தக் கண்தான் என்னைப் பழைய காமிக்ஸ் பைத்தியத்தில் கொண்டுபோய் விட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் ஒரு பழைய பேப்பர் கடை நிழலில் ஒதுங்கி நின்றேன். கோர்ட்டிலிருந்து கழித்துப்போட்ட வழக்குக் கட்டுகள் ஆள் உயரத்துக்குக் கிடந்தன. அவற்றின் அடியில் ஒரு மூலை மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. இழுத்தால், நான் அரைக்கால் சட்டை போட்ட காலத்தில் வந்த ஒரு முகமூடித் திருடன் காமிக்ஸ். அந்த வரிசையின் முதல் இதழ். எத்தனையோ பேருடைய சொத்துத் தகராறுகள் மேலே படுத்துக் கிடந்த கனத்தில், இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது. மடிப்பு இல்லை, கிழிசல் இல்லை, பேனாக் கிறுக்கல் இல்லை. என் கை தானாக மேலே போகப் பார்த்தது. பிறகுதான் புரிந்தது, தூக்குவதற்குக் குற்றமே இல்லை.

"முப்பது ரூவா. பிரிச்சுப் பாத்துட்டு எடுங்க அண்ணாச்சி" என்றார் கடைக்காரர்.

என் விரலெல்லாம் பால்கோவா நெய். பிரிப்பதா? கைக்குட்டையால் ஓரத்தைப் பிடித்து வாங்கி, பஸ்ஸில் மடியில் வைக்காமல் இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்திக்கொண்டே ஊர் வந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் வேதபுத்தகம் என்று நினைத்துக் காலை மடக்கிக்கொண்டார்.

இந்த வட்டாரத்தில் என்னைத் தவிர இன்னொரு பைத்தியம்தான் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வக்கீல். எங்கள் சபையில் பெண் எடுத்தவர் என்பதால் சபை மொத்தத்துக்கும் அவர் மாப்பிள்ளை. அடுத்த வாரம் அவரிடம் காட்டினேன். பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதுபோல் அரை மணி நேரம் பார்த்தார்.

"அண்ணாச்சி, எங்கிட்ட குடுத்திருங்க. அஞ்சாயிரம் தாரேன்."

"ஒமக்குக் கண்ணு மங்கிட்டோன்னு பயந்தேன், மாப்ள. நல்லாத்தான் தெரியுது."

"சரி, பத்து."

"செத்த நேரத்துல ரெட்டிச்சிட்டீரே! அப்ப நான் சாயந்தரம் வரைக்கும் இங்கனயே இருக்கேன்."

அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் நல்ல மனிதர், கோபத்திலும் வழி சொன்னார். அமெரிக்காவில் இதற்கென்றே கம்பெனி இருக்கிறதாம். அனுப்பினால் பக்கம் பக்கமாகப் பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு, கெட்டியான கண்ணாடிப் பிளாஸ்டிக் உறைக்குள் நிரந்தரமாக மூடி, மார்க் எழுதிய சீட்டோடு திருப்பி அனுப்புவார்களாம். அந்த மார்க் இருந்தால்தான் ஏலத்தில் மதிப்பு. உறையைப் பிரித்தால் மார்க் செல்லாது. மறுபடி முதலிலிருந்து பரீட்சை.

என்னைப் போலவே குற்றம் பார்த்துப் பிழைக்கிறவர்கள் கடல் தாண்டியும் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் எனக்குப் பெருமையாகிவிட்டது. அனுப்பத் தீர்மானித்தேன். கட்டணத்தையும் கூரியர் செலவையும் கேட்டதும் பெருமை பாதியாகக் குறைந்தது. வீட்டில் என்ன சொல்வது? "ஸ்கூட்டர் இன்ஜின் போயிட்டு, பிரிச்சு வேலை பாக்கணும்" என்று மனைவியிடம் பணம் வாங்கினேன். இன்ஜின் பழையபடியே புகைந்துகொண்டிருந்தது. அவள் மெக்கானிக்கை நடுத்தெருவில் நிறுத்தி, "இம்புட்டுப் பணம் வாங்கிட்டு என்னத்தப் பாத்தீரு?" என்று கேட்டபோது நான் பக்கத்துக் கடையில் பல்பு விலை விசாரித்துக்கொண்டிருந்தேன். பாவம் மெக்கானிக், எந்தப் பணம் என்று கடைசிவரை அவருக்குப் புரியவில்லை.

நாலு மாதம் கழித்துப் புத்தகம் வந்தது. எட்டு மார்க். 'எல்லாப் பக்கங்களும் உள்ளன. ஸ்டேப்ளர் பின்னில் லேசான துரு' என்று குறிப்பு. அந்தத் துருவை நான் பார்க்கவில்லை! இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அந்தக் கம்பெனியின் பட்டியலில் அந்த இதழ் வேறு யாரிடமும் இல்லை. வக்கீலும் நானும் உட்கார்ந்து, இதுபோன்ற இதழ்கள் முன்பு என்ன விலைக்குப் போயின என்று தேடி மதிப்புப் போட்டோம். ஐம்பதாயிரத்துக்குக் குறையாது என்றார். மும்பையில் ஒரு ஏலக் கம்பெனி ஆன்லைனில் விற்றுத்தர ஒத்துக்கொண்டது. திங்கட்கிழமை காலை கூரியர்காரர் வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்வார். அதுவரை பீரோவின் மேல்தட்டில், கிறிஸ்துமஸ் ஸ்டார் பெட்டிக்குப் பின்னால் வைத்தேன். டிசம்பர் வரை அந்தப் பக்கம் யாரும் போக மாட்டார்கள் என்பது என் கணக்கு.

அறுப்பின் பண்டிகை அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின ஞாயிறு.

காலையிலேயே பந்தல் வேலைக்குப் போய்விட்டேன். ஏலம் தொடங்கும் நேரம், கடைசி வரிசையில் தொண்டையைச் சரிசெய்துகொண்டு காணிக்கை மேசையை ஒரு பார்வை பார்த்தேன். இடது பக்கம் பெரிய பூசணிக்காய். வலது பக்கம் காலில் கயிறு கட்டிய வெள்ளைச் சேவல். நடுவே, சாய்த்து நிறுத்தி, வெயிலில் பளபளவென்று எட்டு மார்க்.

முதலில் வேறு யாரோ இதேபோல் ஒன்று வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். மார்க் வாங்கியது உலகத்திலேயே ஒன்றுதான் என்பது பிறகு ஞாபகம் வந்தது. எழுந்து பெண்கள் பக்கம் போய் மனைவியின் காதருகே குனிந்தேன்.

"ஏட்டி, அது என்ன அது?"

"நீங்க பூசணிக்கா வாங்கியாரேன்னு சொல்லிட்டு மறந்துட்டீங்க. வெறுங்கையோட எப்படி வாரது? பீரோவுல அது இருந்துச்சு. கவரு கூடப் பிரிக்கல, புதுசா இருக்கு. ஆண்டவருக்குப் பழுதில்லாததத்தான குடுக்கணும்?"

கொஞ்சம் துருவைத் தவிரப் பழுதில்லை என்று அமெரிக்காவிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

"ஏங்க, ஒங்களுக்கு ஏன் இப்படி வேர்க்கு?"

"பந்தல்ல காத்தில்ல."

நேராக ஏலம் விடுகிற சபை மூப்பரிடம் போனேன். ரிட்டயர் ஆன மில் மேஸ்திரி. தறிச் சத்தத்துக்கு மேலே நாற்பது வருஷம் கத்திய குரல், அதற்கு மைக் வேறு.

"அண்ணாச்சி, ஒரு சின்ன விசயம். அந்தப் பிளாஸ்டிக் சாமான் தெரியாம வந்துட்டு. அதுக்குப் பதிலா நூறு ரூவா தாரேன்."

"காணிக்கையத் திருப்பிக் கேக்கியா?" என்றார். மைக்கை மூட மறந்திருந்தார். பந்தல் திரும்பிப் பார்த்தது.

"ச்சே ச்சே, இல்ல அண்ணாச்சி. நல்லா இருக்கான்னு கேட்டேன்."

திரும்பும்போது மூன்றாம் வரிசையில் வக்கீலைப் பார்த்தேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது. பிறகு என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தார். அவர் மனசில் என்ன ஓடுகிறதென்று எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தது. ஐம்பதாயிரம் ரூபாய்ப் பொருள், பூசணிக்காய்க்கும் சேவலுக்கும் நடுவே.

வாழைத்தார் போனது. முறுக்கு போனது. ஒவ்வொரு தடவையும் பந்தல் "திருப்பிக் குடு!" என்று கத்தியபோது என் குரல் அதில் இல்லாததைப் பலர் கவனித்தார்கள். எனக்குச் சேவல்மேல்தான் கண். அது கழுத்தை நீட்டி, தலையைச் சாய்த்து, உறையின் மேல் இருந்த எட்டைக் கொத்தியது. டக். மறுபடி டக். பிறகு திரும்பி நின்றுகொண்டு, தன் பங்குக் காணிக்கையை உறையின் ஓரத்தில் வைத்தது.

மூப்பர் அதைத் தூக்கி, வேட்டி நுனியால் ஒரு துடை துடைத்தார். "படக்கதைப் புஸ்தகம். கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கு. பத்து ரூவா!"

"நூறு" என்றேன். குரல் உடைந்து, பையன் குரல் மாதிரி வந்தது.

"இருநூறு" என்றார் வக்கீல்.

"முந்நூறு."

பெண்கள் பக்கம் சலசலப்பு. இரண்டு பெரிய மனிதர்கள் ஒரு பொம்மைப் புத்தகத்துக்கு அடித்துக்கொள்கிறார்கள் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று ஒரு டீச்சரம்மா நானூறு கேட்டார். ஒருவழியாக ஆயிரத்து நூறுக்கு எனக்கு விழுந்தது. ஓடிப்போய் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அப்போதுதான் ஆரம்பித்தது.

"திருப்பிக் குடு! திருப்பிக் குடு!"

அன்று சேவலைத் திருப்பிக் கொடுத்த மில் முதலாளி எழுந்து நின்று கத்தினார். வருஷக்கணக்காகக் காத்திருந்த மனிதர். போதகர் சிரித்தபடி கை தட்டினார். இந்த வழக்கத்தை உண்டாக்கியவனே நான். திருப்பிக் கொடுத்தேன். கை கொடுத்தது, விரல்கள் விடவில்லை. மூப்பர் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தார்.

இரண்டாம் சுற்றில் வக்கீல் இரண்டாயிரத்து அறுநூறுக்கு எடுத்தார். எடுத்த கையோடு செருப்பைத் தேடினார். விடுவேனா? ஸ்பீக்கர் பெட்டிமேல் ஏறி நின்று கத்தினேன். "மாப்ள, திருப்பிக் குடு! மாப்ள, திருப்பிக் குடு!" மாமியார் வீட்டுச் சபை முழுக்கக் கத்தும்போது எந்த மாப்பிள்ளையால் தாங்க முடியும்? கொண்டுவந்து வைத்தார். வைக்கும்போது என்னைப் பார்த்த பார்வையில் மூன்று வாய்தாவுக்கான கோபம் இருந்தது.

மூன்றாம் சுற்று. டீச்சரம்மா எழுந்தார். "உள்ள என்ன இருக்குன்னு தெரியாம எப்படி அண்ணாச்சி கேக்கது? பிரிச்சுக் காட்டுங்க. பிள்ளையளும் பாக்கட்டும்."

"அதுவும் நியாயந்தான்" என்ற மூப்பர், சமையலுக்குத் தேங்காய் உடைக்க வைத்திருந்த அரிவாளை எடுத்தார்.

"வேண்டாம்!"

நான் மட்டும் கத்தவில்லை. வக்கீலும். இரண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் ஓடினோம். நான் அரிவாள் கையைப் பிடித்தேன், அவர் புத்தகத்தைப் பிடித்தார். இடையில் சேவல் கயிற்றோடு பறந்து டீச்சரம்மாவின் தோளில் இறங்கியது. பந்தல் மொத்தமும் அமைதி. அந்த அமைதியில் நான் மூப்பர் காதில் சொன்னதாக நினைத்தது மைக்கில் போனது.

"அண்ணாச்சி, பிரிச்சா அம்பதாயிரம் போயிரும்!"

நான் திரும்பி மனைவியைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையிருக்கவில்லை. அவள் புத்தகத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, வெளியே நின்ற ஸ்கூட்டரையும் பார்த்திருப்பாள். அந்த வரிசையில்தான் எல்லாம் புரிந்திருக்கும். பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து, சமையலுக்கு உப்புக் கேட்கிற குரலில் ஒரு வார்த்தை வந்தது.

"பத்தாயிரம்."

வக்கீல் கையைத் தூக்கப் போனார். அவர் மனைவி எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள். மூப்பர் மூன்று தடவை சொல்லி முடித்தார். என் மனைவி நடந்து வந்து புத்தகத்தை வாங்கிக் கைப்பைக்குள் வைத்தாள். பந்தலைச் சுற்றி ஒருமுறை பார்த்தாள். ஒரு பிள்ளை, "திருப்பி..." என்று ஆரம்பித்து, தானே நிறுத்திக்கொண்டது.

வீடு வரும்வரை ஸ்கூட்டர் புகைந்துகொண்டே வந்தது. வீட்டில் நான்தான் கேட்டேன். "பத்தாயிரம் ஏது?"

"சீட்டு."

"என்ன சீட்டு? எங்கிட்ட சொல்லவே இல்லியே?"

"ஒங்களுக்கு இன்ஜின்னா எனக்குச் சீட்டு" என்றாள். அதோடு அந்த விஷயம் முடிந்தது. எங்கள் வீட்டில் இவ்வளவு சீக்கிரமாக ஒரு சண்டை முடிந்ததே இல்லை.

மேசையில் புத்தகத்தை வைத்து, நான் தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்திருந்த கழிவு பேண்டேஜ் துணியால் சேவலின் மிச்சத்தைத் துடைத்தாள். உறையில் ஒரு கீறல்கூட இல்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மார்க் சீட்டு, அட்டைப்படம் எல்லாவற்றையும் பார்த்தாள்.

"கதை என்ன?"

"முகமூடி போட்ட திருடன். கடைசியில யாருன்னு தெரியும்."

"யாரு?"

"தெரியாது. நான் படிக்கல."

"படிக்கலியா?"

"பிரிச்சா புஸ்தகத்து முதுகு மடங்கிரும்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். உட்கார்ந்து சிரித்தாள், தண்ணீர் குடித்துவிட்டுச் சிரித்தாள். அப்போது வாசலில் வக்கீல். மன்னிப்புக் கேட்க வந்ததாகச் சொன்னார். உண்மையில் இன்னொரு தடவை பார்க்க வந்திருந்தார். நான் கதையைப் படிக்கவே இல்லை என்பதையும், சபையில் அவர் செருப்பைத் தேடியதையும் அவளே சொல்லிக் காட்ட, அவருக்கும் வெட்கம் விட்டுவிட்டது.

"அக்கா, இதே இதழு எங்கிட்ட ஒண்ணு காரிலயே கெடக்கு. போன வாரம் ஒரு கட்டோட வந்துச்சு, நானே இன்னும் படிக்கல. கிழிஞ்சது. காசுக்கு ஆகாது, படிக்கலாம்."

எடுத்து வந்தார். அட்டை இல்லை, எண்ணெய் பிசுக்கு, நடுப்பக்கத்தில் யாரோ மீசை வரைந்திருந்தார்கள். மூன்று பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து படித்தோம். வக்கீல் எல்லாருக்குமாகக் குரல் மாற்றிப் படித்தார். மலைமேல் ஒரு எஸ்டேட் பங்களா, காணாமல்போகும் மாலை, ஆளுக்கொரு சந்தேகம். சமையற்காரன்தான் என்று மனைவி மூன்றாம் பக்கத்திலேயே தீர்ப்புச் சொன்னாள். டாக்டர் என்றார் வக்கீல். எனக்கு டாக்டரின் கோட்டில் ஒரு பொத்தான் குறைவது மட்டும்தான் கண்ணில் பட்டது. திருடனை மூலையில் மடக்கிவிட்டார்கள். ஒரு கை அவன் முகமூடியைப் பிடித்துவிட்டது. வக்கீல் பக்கத்தைத் திருப்பினார்.

பக்கம் இல்லை. கிழிந்துபோன கடைசித் தாள்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் மேசையின் நடுவே பார்த்தோம். 'எல்லாப் பக்கங்களும் உள்ளன.' கை எட்டும் தூரத்தில், கால் அங்குலப் பிளாஸ்டிக்குக்கு அந்தப் பக்கம், முகமூடியில்லாமல் இருக்கிறான் அவன்.

மனைவி எழுந்து போய் அரிவாள்மணையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். நாங்கள் இருவரும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டோம். உரிமையாளர் அவள். தடுக்க எங்களுக்குச் சட்டப்படி வழியில்லை என்று வக்கீல் பிற்பாடு உறுதிப்படுத்தினார். உறைமேல் இருந்த எட்டை ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு அரிவாள்மணையை எடுத்துக்கொண்டுபோய், பிரிக்கச் சொன்ன டீச்சரம்மா வீட்டிலிருந்து சமாதானத்துக்கு வந்திருந்த பூசணிக்காய்க் கீற்றை நறுக்கினாள்.

"காசு வரட்டும். பொறவு திருடன் யாருன்னு அவியளக் கேட்டுக்கிடுவோம், வாங்குனவியள."

திங்கட்கிழமை கூரியர்காரர் வந்தார். அனுப்புநர் பெயரில் அவள் பெயரை எழுதினாள். ஏலம் நடந்த அன்று நாங்கள் இருவரும் ஒரே போனில் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். நாற்பதாயிரம் தாண்டியதும் வக்கீல் போன் செய்தார். "அண்ணாச்சி, நானும் கேட்டுக்கிட்டிருந்தேன். வீட்டுல பின்னாடி வந்து நிக்கா. விட்டுட்டேன்." நாங்கள் போட்ட மதிப்புக்குக் கொஞ்சம் மேலேயே போனது. சீட்டுப் பணம் சீட்டுக்குப் போனது, பத்தில் ஒன்று கோயிலுக்குப் போனது, இன்ஜின் நிஜமாகவே பிரிக்கப்பட்டது. மெக்கானிக்கிடம் அவளே போய் மன்னிப்புக் கேட்டாள். என்னையும் நிற்கவைத்து.

வாங்கியவர் யாரென்று ஏலக் கம்பெனி சொல்லாது. கடிதம் எழுதிக் கொடுத்தால் அவருக்கு அனுப்பிவைக்கும். மனைவி சொல்லச் சொல்ல எழுதினேன். 'ஐயா, வணக்கம். புத்தகத்தைக் கேட்கவில்லை. கடைசிப் பக்கத்தில் முகமூடி யார் என்று மட்டும் தெரிவித்தால் போதும்.' வக்கீல் தன் பங்குக்கு, 'டாக்டரா என்று குறிப்பாகப் பார்க்கவும்' என்று சேர்க்கச் சொன்னார்.

பத்து நாளில் பதில் வந்தது. நல்ல தமிழில், மரியாதையாக எழுதியிருந்தார். தானும் அந்தக் கதையைச் சிறுவயதில் பாதிதான் படித்திருப்பதாகவும், எட்டு மார்க் வாங்கிய உறையை உடைக்க மனம் வரவில்லை என்றும், எங்கள் பக்கம் யாரிடமாவது அந்தக் கடைசிப் பக்கம் இருந்தால் தயவுசெய்து தனக்கும் தெரிவிக்க வேண்டும் என்றும்.

படித்துக் காட்டினேன். அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"அப்ப, திருப்பிக் குடுன்னு எழுதுங்க" என்றாள்.